பூச்சிக் குளிசை குடுத்த அடுத்த நாள் மகனுக்கு வயித்துக்குத்து, புழுவும் வந்திட்டுது, மச்சாளும் போட்டவ... தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

உவர்மலை_தாய்

வணக்கம், நான் திருகோணமலை உவர்மலையில இருக்கிறன், ரெண்டு நாளா நித்திரை இல்ல அதான் இங்க எழுதுறன். சனிக்கிழமை ராச்சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில எல்லாரும் பூச்சிக் குளிசை போட்டனாங்கள், மெபெண்டசோல் 500 மில்லிகிராம், ஆளுக்கு ஒண்டு. மூத்தவனுக்கு நாலரை வயசு, கொஞ்ச நாளா சாப்பாடு பிடிக்கேல்ல, மண்ணில விளையாடுற பிள்ளை, நகமும் கடிப்பான், ஆறு மாசத்துக்கு மேல குடுக்கவும் இல்ல எண்டு நானே மருந்துக்கடையில வாங்கிக் குடுத்தனான். ஞாயிறு காலம்பற தொப்புளைச் சுத்தி நோகுது எண்டான், ரெண்டு தரம் தண்ணியா போச்சுது, ஒருக்கா சத்தி. பின்நேரம் மலத்தோட ஒரு புழு, மண்புழு மாதிரி ஆனா வெள்ளையும் ரோசும் கலந்த நிறம், ஒரு சாண் நீளம் இருக்கும். அதைப் பாத்த உடனே எனக்குக் கை கால் நடுங்கிட்டுது.

மாமி குளிசை போடேல்ல, அவ முதலே வேண்டாம் எண்டவ. இப்ப சொல்லுறா மருந்து உள்ள நிண்டு குடலை அரிக்குது, விளக்கெண்ணெய் குடுத்து பேதியாக்கிக் கழுவி விட வேணும் எண்டு. இவர் சொல்லுறார் போன மாசம் வயித்தோட்டத்துக்குத் தந்த பிளாஜில் பாணி மிச்சம் கிடக்கு அதைக் குடுப்பம் எண்டு. நான் ரெண்டையும் தடுத்து வச்சிருக்கிறன், ஆனா சரியோ பிழையோ தெரியேல்ல. மகனுக்குக் காய்ச்சல் இல்ல, இடைக்கிடை விளையாடுறான்.

இதை விடப் பெரிய விசயம், இவற்ற தங்கச்சி எங்களோடதான் இருக்கிறா, அவவும் சனிக்கிழமை அந்தக் குளிசை போட்டவ. இண்டைக்கு நாள் தள்ளிப் போச்சு எண்டு செக் பண்ணினா ரெண்டு கோடு. கலியாணமாகி மூண்டு வருசத்துக்குப் பிறகு வந்தது. அவ அழுதுகொண்டே இருக்கிறா, மாமி என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறா இல்ல. பிள்ளைக்கு ஏதும் ஆகுமா? நான்தான் எல்லாருக்கும் எடுத்துக் குடுத்தனான்.

மருந்துக்கடைக்காரன்

தங்கச்சி முதல்ல அந்த பிளாஜில் போத்திலை எடுத்து எறிஞ்சுபோட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கோ. நான் டவுனில பாமசியில 14 வருசமா நிக்கிறன், இதை மட்டும் வடிவா சொல்ல வேணும் எண்டு எழுதுறன். பிளாஜில் எண்டுறது மெட்ரோனிடசோல். அதையும் மெபெண்டசோலையும் ஒண்டா எடுத்த ஆக்களில சிலருக்கு ஸ்டீவன்ஸ் ஜோன்சன் எண்டு ஒரு பாரதூரமான தோல் வருத்தம் வந்திருக்கு, வாய் கண் எல்லாம் புண்ணாகி நெருப்புச் சுட்ட மாதிரி தோல் உரியும், உயிருக்கே ஆபத்து. தாய்வானில வேலை செய்த பிலிப்பைன்ஸ் தொழிலாளர்மாருக்கு இப்பிடி வந்து, ஆராய்ஞ்சு பாத்துத்தான் இந்தச் சோடி கண்டுபிடிபட்டது. அரிதுதான், ஆனா மருந்துப் பெட்டிக்குள்ள வாற தாளிலயே ரெண்டையும் சேர்க்காதேங்கோ எண்டு இருக்கும். எங்கட ஊரில வயித்தால போனா டொக்டரைக் கேக்காம பிளாஜில் குடிக்கிற பழக்கம் நிறைய, பூச்சிக் குளிசை போட்ட அடுத்த நாள் வயித்தால போறதும் வழமை, ரெண்டும் ஒரே வீட்டில சந்திக்கிறதுக்கு எவ்வளவு லேசு பாருங்கோ. நீங்கள் தடுத்து வச்சது மெத்தச் சரி.

இப்ப மகன்ர விசயம். இந்த மருந்து புழுவைக் கண்டபடி வெட்டிக் கொல்லுறதில்ல. புழுவின்ர உடம்புக்குள்ள இருக்கிற ஒரு புரதத்தைப் பிடிச்சு சீனிச்சத்தை உறிஞ்ச விடாமப் பண்ணும், அது பட்டினியில மெல்ல மெல்லச் சாகும், ரெண்டு மூண்டு நாள் எடுக்கும். நீங்கள் கண்டது வட்டப்புழு, அஸ்காரிஸ் எண்டுறது. சாகப்போற புழு குடலுக்குள்ள நெளியேக்க வயித்துக்குத்து, ஓங்காளம், வயித்தால போறது வரும், கனக்கப் புழு இருக்கிற பிள்ளைக்குத்தான் இது கூட. மருந்து விசமாகி வாறதில்ல, உள்ள இருந்தது வெளிக்கிடுற குழப்பம். இன்னும் ஒண்டு ரெண்டு வந்தாலும் பயப்பிடாதேங்கோ. சில பிள்ளைகளுக்கு ஒண்டுமே வெளிய தெரியாது, குடலுக்குள்ளயே கரைஞ்சிடும், அதுக்காக மருந்து வேலை செய்யேல்ல எண்டு திரும்ப வாங்க வாற தாய்மாரும் இருக்கினம்.

குடலை அரிக்கும் எண்டுறதும் இல்ல. மெபெண்டசோல் ரத்தத்துக்குள்ள ஏறுறதே கொஞ்சம், விழுங்குறதில அஞ்சில ஒரு பங்களவுதான், மிச்சம் மலத்தோட போயிடும். விளக்கெண்ணெய் வேண்டாம். ஏற்கெனவே தண்ணியாப் போற பிள்ளைக்குப் பேதி குடுத்தா உடம்புத் தண்ணி வத்திப் போகும். ஜீவனி (உப்பு சீனிக் கரைசல் பக்கற்) கரைச்சுக் குடுங்கோ, கஞ்சி, இளநி.

ஆனா இதுகளைக் கண்டா நிண்டு யோசிக்காம பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ: விடாம சத்தி, அதிலயும் பச்சை நிறமா, வயிறு ஊதி கல்லு மாதிரி இறுகுறது, மலமும் காத்தும் போகாம நிக்கிறது. கனக்க வட்டப்புழு ஒண்டோட ஒண்டு முறுகி குடலை அடைக்கிறது அரிதா நடக்கும், அது குளிசை போடாத பிள்ளைக்கும் நடக்கிறதுதான். பிறகு மேலெல்லாம் தடிப்பு, முகம் கண் வீங்குறது, மூச்சு இழுக்கிறது எண்டா அலர்ஜி, உடனே போக வேணும்.

மச்சாளின்ர விசயத்தை மிசிமார் (நேர்ஸ்மார்) ஆரும் வந்து சொன்னா நல்லம், நான் அரைகுறையா சொல்ல விரும்பேல்ல.

உவர்மலை_தாய்

அண்ணா கோடி நன்றி. போத்திலை இவருக்கு முன்னாலயே வெளியில ஊத்திட்டன். மகன் இப்ப ஜீவனி குடிச்சுப்போட்டு படுத்திருக்கிறான், சத்தி இல்ல. மச்சாளைப் பற்றி ஆராவது...

சாம்பல்தீவு_மிசி

பிள்ளை, உங்கட மச்சாளுக்குப் பக்கத்தில இருந்து இதை வாசிச்சுக் காட்டுங்கோ, நான் பிள்ளத்தாய்ச்சிமார் கிளினிக்கில கன வருசம் வேலை செய்து ரிட்டயர் ஆனவ.

முதல் மூண்டு மாசத்துக்குள்ள பூச்சி மருந்து குடுக்கிறதில்ல, அதுதான் சட்டம், அதில மாத்தம் இல்ல. மிருகங்களில குடுத்துப் பாத்த இடத்தில குட்டிகளுக்கு ஊனம் வந்தது, அந்தப் பயத்தில வச்ச ஒழுங்கு. அதால குளிசை போட முதல் வீட்டுப் பொம்பிளைகளிட்ட கடைசியா எப்ப குளிச்சனீங்கள் (மாதவிடாய் எப்ப வந்தது) எண்டு கேக்கிறது வழக்கமா இருக்க வேணும், கடையில விக்கிற ஆக்களும் கேக்க வேணும் (மருந்துக்கடைத் தம்பி கோவிக்காதேங்கோ, கன கடையில கேக்கிறதே இல்ல).

ஆனா தெரியாமப் போட்டுட்டா என்ன ஆகும் எண்டதுக்கு எங்கட நாட்டிலயே செய்த ஆராய்ச்சி இருக்கு, வேற நாட்டுக் கதை இல்ல. பேராசிரியர் நிலாந்தி டி சில்வா ஆக்கள் செய்து 1999 லான்செட் சஞ்சிகையில வந்தது. கர்ப்பத்தில மெபெண்டசோல் எடுத்த 5275 தாய்மாரையும் எடுக்காத 1737 பேரையும் ஒப்பிட்டுப் பாத்தவை. பிள்ளைக்குப் பெரிய ஊனம் இருந்தது எடுத்த ஆக்களில நூத்துக்கு 1.8, எடுக்காத ஆக்களில 1.5, அதைப் பெரிய வித்தியாசம் எண்டு சொல்ல ஏலாது. அதில 407 பேர் உங்கட மச்சாள் மாதிரி முதல் மூண்டு மாசத்துக்குள்ளயே போட்டவை, அவையில 10 பேரின்ர பிள்ளைக்கு, நூத்துக்கு 2.5. எண்ணிக்கை கொஞ்சம் கூடத்தான், நான் மறைக்கேல்ல, ஆனா கணக்குப்படி அது தற்செயலா வரக்கூடிய வித்தியாசத்துக்குள்ளதான் நிண்டது. நூத்தில 97 பேருக்கு மேல பெரிய ஊனம் இல்லாத பிள்ளை எண்டு அவவுக்கு சொல்லுங்கோ. எண்டாலும் முதல் மூண்டு மாசம் தவிர்க்கிறதுதான் நல்லம் எண்டுதான் அவையும் எழுதி முடிச்சவை.

அதே ஆராய்ச்சியில இன்னொண்டும் இருக்கு, அது எனக்கு எப்பவும் மனசில நிக்கும். செத்துப் பிறக்கிறதும் பிறந்த கையோட சாகிறதும் குளிசை எடுத்த தாய்மாரில நூத்துக்கு 1.9, எடுக்காத ஆக்களில 3.3. ஒன்றரைக் கிலோவும் இல்லாமப் பிறந்த பிள்ளைகளும் எடுத்த பக்கத்தில பாதிதான். கொழுக்கிப்புழு குடலில கடிச்சுக்கொண்டு நிண்டு ரத்தம் உறிஞ்சும், தாய்க்கு ரத்தசோகை வரும், அது வயித்துப் பிள்ளையைத்தான் தாக்கும். அதாலதான் மூண்டு மாசம் கழிய கிளினிக்கில கூப்பிட்டு அயன் குளிசையோட பூச்சிக் குளிசையும் குடுக்கிறவை. நான் வேலை செய்த காலத்தில குளிசையை முந்தானையில முடிஞ்சு கொண்டு போய் வாய்க்காலுக்குள்ள எறிஞ்ச தாய்மாரைக் கண்டிருக்கிறன், பிறகு ஹீமோகுளோபின் 7ல வந்து நிப்பினம். பயம்தான் காரணம். ஆரும் அவையோட இருந்து விளங்கப்படுத்தேல்ல.

இப்ப செய்ய வேண்டியது: உங்கட ஏரியா மிட்வைஃபிட்ட நாளைக்கே போய் பதியுங்கோ. என்ன குளிசை, எத்தனை, என்ன தேதி எண்டதை சொல்லி கார்ட்டில எழுதுவியுங்கோ. ஃபோலிக் அசிட் தொடங்க வேணும். ஸ்கேன் சொன்ன நேரத்துக்குப் போக வேணும். கலைக்க வேணும் எண்டு ஆரும் சொன்னா கேக்கக் கூடாது, இந்த ஒரு குளிசைக்காக அப்பிடி ஒரு டொக்டரும் சொல்லமாட்டார். மூண்டு மாசம் கழிய கிளினிக்கில திரும்பக் குளிசை தந்தா, முதலே போட்டதை சொல்லுங்கோ, என்ன செய்யிறது எண்டு அவை முடிவெடுப்பினம்.

உங்களிலயும் பிழை இல்ல பிள்ளை. அவவுக்கே தெரியாத விசயம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்.

கிண்ணியா_வாப்பா

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். நான் ஒரு விசயம் சொல்லணும், இதப் பத்தி ஆரும் கதைக்கிறல்ல. பக்க விளைவு எண்டு எல்லாரும் மருந்தத்தான் பாக்குற, குடுக்குற விதத்தால வாற ஆபத்தப் பாக்குறல்ல. என்ட ரெண்டாவது மகளுக்கு ரெண்டு வயசில குளிசை குடுக்கக்குள்ள அவ அழுது திமிற, நாங்க மூக்கப் பொத்தி வாயத் தொறந்து முழுக் குளிசையா உள்ள தள்ளிட்டம். அது மூச்சுக் குழாய்ப் பக்கம் போயி பிள்ளை நீலமாப் போயிட்டா. என்ட மூத்தம்மா குப்புறப் போட்டு முதுகில அடிச்சி எடுத்திச்சி, அல்லாஹ்ட காவல். அந்த நிமிசத்த நினைச்சா இப்பயும் எனக்கு நெஞ்சு அடைக்கிது. பொறகுதான் தெரிஞ்சிச்சி மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு குளிசைய நல்லா நுணுக்கி தண்ணியில கலந்து கரண்டியாலதான் குடுக்கணும் எண்டு உலக சுகாதார தாபனமே சொல்லி இரிக்கி, அழுகிற பிள்ளைக்கு வற்புறுத்திக் குடுக்கவே கூடாது, அழுது முடிஞ்சி அமைதியானாப் பொறகுதான். பெரிய பிள்ளைகளும் சப்பித்தான் தின்னணும். காய்ச்சலோட, வயித்தால போறதோட இருக்கிற பிள்ளைக்கு அண்டைக்குக் குடுக்காம சுகமாக விட்டுத்தான் குடுக்கணும்.

இன்னொண்டு கீரிப்பூச்சி, ராவையில பின்பக்கம் அரிச்சி பிள்ளைகள் நித்திரை இல்லாம அழுகிற அது. அதுக்கு ஒருக்கா குடுத்தா காணா, மருந்து முட்டைய அழிக்காது, ரெண்டு கிழம கழிச்சி மறுகா குடுக்கணும், வீட்டில உள்ள எல்லாரும் ஒரே நாளையில போடணும், நகம் வெட்டி படுக்கை விரிப்பெல்லாம் சுடுதண்ணியில அலசணும். எங்கட வீட்டில மூணு மாசமா இழுபட்டது பிள்ளைகளுக்கு மட்டும் குடுத்ததாலதான். இவங்கட மகனுக்கு வந்தது வட்டப்புழு, அதுக்கு இப்பிடி ரெண்டாந்தரம் தேவல்ல எண்டுதான் எனக்கும் விளங்கப்படுத்தினாங்க.

ஓய்வு_சுகாதாரக்காரன்

மகள், உங்கட மாமியோட கோவிக்காதேங்கோ, அவவின்ர பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. எனக்கு இப்ப 74, என்ர தகப்பனும் சுகாதாரப் பகுதியில வேலை செய்தவர், அவர் சொன்னதும் நான் படிச்சதும் சேர்த்து எழுதுறன். 1916ல ரொக்பெல்லர் மன்றம் எண்டுற அமெரிக்க அமைப்பு இலங்கைக்கு வந்து தோட்டங்களில கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கினது. அந்தக் காலத்து மருந்து தைமோலும் கீனோபோடியம் எண்ணெயும். ரெண்டும் புழுவையும் கொல்லும் மனுசரையும் வாட்டும். தைமோல் எடுக்கிற ஆள் முதல் நாளே பட்டினி கிடந்து பேதி குடிச்சு, மருந்து எடுத்து, திரும்பவும் பேதி குடிக்க வேணும், அண்டைக்கு எண்ணெய்ச் சாப்பாடு, சாராயம் வாயில வைக்கக் கூடாது, வச்சா மருந்து உடம்பில ஊறி ஆளை விழுத்திடும். கீனோபோடியம் அளவு கூடினா தலைசுத்து, காது கேளாமப் போறது, ஆக்கள் செத்தும் இருக்கினம். 1921க்குப் பிறகு காபன் டெட்ராகுளோரைட் எண்டு ஒண்டு வந்தது, அது ஈரலைப் பதம் பாத்தது. அப்ப பேதி குடுத்து மருந்தைக் கழுவி எடுக்கிறது உயிர் காக்கிற வேலை. அந்தப் பழக்கம்தான் வீட்டுக்கு வீடு, தாயிட்ட இருந்து மகளுக்கு எண்டு வந்து உங்கட மாமியிட்ட நிக்குது. அவ அண்டைக்குச் சரியா இருந்த ஒண்டைத்தான் சொல்லுறா, 70களில மெபெண்டசோல் வந்த பிறகு மருந்து மாறிட்டுது எண்டு அவவுக்கு ஆரும் சொல்லேல்ல. இப்ப பட்டினியும் வேண்டாம் பேதியும் வேண்டாம்.

யானைக்கால் ஒழிப்புக்கு 2002 தொடக்கம் 2006 வரை மேல், தென், வடமேல் மாகாணங்களில வருசா வருசம் டிஈசி, அல்பெண்டசோல் எண்டு ரெண்டு புழு மருந்தும் வீடு வீடாக் குடுத்தது, எங்கட பக்கம் அந்த வருத்தம் இல்லாததால இங்க குடுக்கேல்ல. அந்த மருந்துக்கும் காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு வரும், ஆருக்குக் கூட வரும் எண்டா ரத்தத்தில புழுக்குஞ்சு கூட இருக்கிறவைக்கு. புழு சாகேக்க உடம்பு காட்டுற எதிர்ப்பு அது. அதுக்குப் பயந்து எல்லாரும் எறிஞ்சிருந்தா 2016ல இலங்கை யானைக்காலை ஒழிச்ச நாடு எண்டு உலக சுகாதார தாபனம் அறிவிச்சிருக்காது.

மாமியைப் பக்கத்தில இருத்தி இதை வாசிச்சுக் காட்டுங்கோ.

நிலாவெளி_தம்பி

நான் நிலாவெளியில ஒரு கெஸ்ட்ஹவுஸில வேலை செய்யுறன், எனக்கு இதில வேற மாதிரி அனுபவம். கடற்கரை மண்ணில நாய் பூனை மலத்தால வாற ஒரு கொழுக்கிப்புழுக் குஞ்சு கால் தோலுக்குள்ள பூந்து வரி வரியா ஊரும், வெள்ளைக்காரருக்கும் வரும் எங்களுக்கும் வரும், போன வருசம் எனக்கு வந்து டொக்டர் அல்பெண்டசோல் 400 மூண்டு நாள் தந்தார், எண்ணெய் உள்ள சாப்பாட்டோட எடுக்கச் சொன்னவர், அப்பதான் ரத்தத்தில கூட ஏறி தோலுக்குப் போகுமாம். சுகமாயிட்டுது. ஆனா என்ர சித்தப்பா ஒராள் யூடியூபில பாத்துப்போட்டு புத்துநோய் வராது எண்டு அல்பெண்டசோலை ஒவ்வொரு நாளும் ரெண்டு மாசமாப் போட்டவர். தலைமயிர் கொட்டத் தொடங்கிச்சு, பிறகு கண் மஞ்சளாகி வாட்டில படுத்தவர், ஈரல் டெஸ்ட் எல்லாம் எகிறி. மருந்தை நிப்பாட்டி மெல்ல மெல்லத்தான் சரியானது. மாட்டுக்குப் போடுற ஐவர்மெக்டினை சொறிக்கு எண்டு மனுசர் குடிச்ச கதையும் எங்கட பக்கம் இருக்கு. தயவுசெய்து ஒருத்தரும் அப்பிடி செய்யாதேங்கோ

மருந்துக்கடைக்காரன்

தம்பி சொன்னது முக்கியமான விசயம். ஒரு குளிசை வேற, நாள் கணக்கில எடுக்கிறது வேற. மூளையில புழுக்கட்டி, ஈரலில நீர்க்கட்டி எண்டு வந்தா டொக்டர்மாரே அல்பெண்டசோலை கிழமைக் கணக்கில தருவினம், ஆனா ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஈரலும் ரத்தத்தில வெள்ளணுவும் செக் பண்ணித்தான், ஏனெண்டா எலும்பு மச்சையில ரத்தம் ஊறுறது குறைஞ்சு போகலாம். மூளையில கட்டி இருக்கிற ஆளுக்கு வேற பாதுகாப்பு மருந்து இல்லாமக் குடுத்தா வலிப்பே வரலாம். மாட்டு மருந்து எங்கட நிறைக்கு அளந்து செய்ததில்ல. வலிப்பு மருந்து எடுக்கிற ஆக்களும் வயித்துக்கு சிமெடிடின் எடுக்கிற ஆக்களும் குளிசை வாங்கேக்க அதை சொல்லுங்கோ, மருந்தின்ர அளவு ரத்தத்தில ஏறி இறங்கும்.

மிசி சொன்னதும் சரிதான், கடையில கேக்க வேண்டியது எங்கட கடமை. இண்டையில இருந்து பூச்சி மருந்து வாங்க வாற பொம்பிளைகளிட்ட நான் கேட்டுத்தான் குடுப்பன்.

உவர்மலை_தாய்

மூண்டு நாளுக்குப் பிறகு எழுதுறன், எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்ல. மகனுக்கு திங்கள் ரெண்டு புழு வந்தது, அதோட வயித்துக்குத்து நிண்டிட்டுது, நேற்று தானாக் கேட்டு ரெண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். மச்சாள் மிட்வைஃப் அக்காட்ட பதிஞ்சிட்டா, கிளினிக் டொக்டரும் மிசி சொன்ன அதையேதான் சொன்னவர், குளிசையின்ர பேரையும் தேதியையும் சிவப்புப் பேனையால கார்ட்டில எழுதி ஃபோலிக் அசிட்டும் ஸ்கேனுக்குத் தேதியும் தந்தவர். ஐயா எழுதினதை மாமிக்கு வாசிச்சுக் காட்டினன். அவ கன நேரம் ஒண்டும் கதைக்கேல்ல, பிறகு சொன்னா தன்ர அம்மம்மா இப்பிடித்தான் முதல் நாள் பட்டினி போட்டு பேதி குடுத்து, அடுத்த நாள் ஆக்களை எழும்ப விடாமப் படுக்க வச்சிருப்பா எண்டு.

இன்னும் ஒரு கேள்வி. எனக்கு சின்னவள் இருக்கிறா, 10 மாசம், தவழ்ந்து எல்லாத்தையும் வாயில வைக்கிறா. அவவுக்கும் பாதிக் குளிசை குடுக்கலாமா? நானும் குளிசை போட்டனான், பால் குடுக்கிறது பிரச்சினையா?

மருந்துக்கடைக்காரன்

பால் தாராளமாக் குடுங்கோ, பாலுக்குள்ள போறது மிகக் குறைவு. சின்னவளுக்குக் கால் குளிசையும் வேண்டாம். ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைகளில மெபெண்டசோலுக்கு வலிப்பு வந்த சம்பவங்கள் பதிவாகி இருக்கு, அதால டொக்டர் பாத்து அவசியம் எண்டாத்தான். ஒரு வயசு தாண்டினாப் பிறகு கிளினிக்கில கேளுங்கோ, எப்ப தொடங்கிறது எண்டு அவை கொப்பியில பாத்து சொல்லுவினம். அதுவரை தவழ்ற இடத்தைக் கழுவித் துடைச்சு வச்சிருங்கோ, அண்ணன்ர நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கோ, முட்டை அங்க இருந்துதான் அவவின்ர வாய்க்குப் போகும்.